பங்குனி இடியும் சித்திரைக் குயிலும்

(கலவான பகுதித் தோட்டமொன்றில் நடந்த தாய்மார் கூட்டத்தில் பேசியது)



போன கிழமை ஒரு சின்னப் பிள்ளை நம்மிடம் வந்து, "ஐயா, வசந்த காலம்னு புத்தகத்துல இருக்கே, அது நம்ம தோட்டத்துக்கு எப்ப வரும்?" என்று கேட்டது. நல்ல கேள்விதான். பனி உருகிப் பூப்பூக்கும் வசந்தம் நமக்கு இல்லை. ஆனாலும் சிங்கராஜ வனத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கும் ஒரு வசந்தம் உண்டு. தை, மாசியில் இலை கொட்டிய ரப்பர் மலை செம்பு நிறத்தில் துளிர்க்கும். முள்முருங்கை சிவப்பாய்ப் பூக்கும். விடியப் பெரட்டுக்குப் போகும்போதே குயில் கூவும். மழை விழுந்ததும் கொழுந்து கிளம்பிக் கூடை நிறையும். பங்குனி, சித்திரைதான் நம் வசந்தம்.

நாங்கள் பிள்ளைகளாய் இருந்தபோது, குயில் சத்தம் கேட்டாலே வருசப் பொறப்பு வந்துவிட்டது என்று குதிப்போம். லயத்துக்குக் கீழே பலா மரத்தில் ஊஞ்சல் கட்டுவோம். கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவர் கொக்கிஸும் பணியாரமும் தட்டில் கொண்டுவருவார். தட்டை வெறுமையாய்த் திருப்பக்கூடாது என்று எங்கள் அம்மா முறுக்கும் வடையும் வைத்து அனுப்புவார். போகிற வழியில் இரண்டு முறுக்கு குறையும், அது வேறு கதை!

தொல்லையும் இல்லாமலில்லை. மழை பெய்தால் அட்டை. காலில் சவர்க்காரம் பூசிப் போனாலும் எங்காவது ஒன்று ஏறிவிடும். துவைத்த உடுப்பு மூன்று நாளைக்குக் காயாது. இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இடி.

எங்களுக்குப் பத்து வயதிருக்கும். பங்குனி மாதம். காலையில் நல்ல வெயில், மத்தியானம் வானம் கறுத்துவிட்டது. நிறுவை முடியாமல் மலையை விட்டு இறங்கக் கூடாது என்பது அன்றைய வழக்கம். எங்கள் அம்மா மட்டும் தங்கச்சிக்குப் பால் கொடுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு இறங்கினார். பக்கத்துக் காம்பரா பெரியம்மா மழைக்கு ஒரு தனி மரத்தடியில் ஒதுங்கினார். மின்னல் அந்த மரத்தில் விழுந்தது. தொட்டால் நமக்கும் அடிக்கும் என்று பயந்து ஒருவரும் கிட்டப் போகவில்லை. பெரியம்மா போய்விட்டார். அந்த வருசம் எங்கள் லயத்தில் ஊஞ்சல் கட்டவில்லை.

அந்தப் பயம் தவறு என்பது பின்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. மின்னல் பட்டவர் உடம்பில் மின்சாரம் தங்காது. தாராளமாய்த் தொடலாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழையுங்கள். மூச்சில்லாவிட்டால் வண்டி வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். அப்படிப் பிழைத்தவர்கள் உண்டு.

இரண்டு பருவ மழைக்கும் இடையிலுள்ள இந்த மாதங்களில் காலை வெயிலில் சூடான ஈரக் காற்று மேலே எழும்பி, பின்னேரத்தில் இடிமேகமாகிறது. மார்ச், ஏப்ரலில் வளிமண்டலவியல் திணைக்களம் சப்ரகமுவவுக்கு அடிக்கடி மின்னல் எச்சரிக்கை விடுவது இதனால்தான். ஆகவே முதல் இடி கேட்டதும் மலையை விட்டு இறங்குங்கள். லயம், பிள்ளைக்காம்பரா, தொழிற்சாலை என்று சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள் போங்கள். தனி மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழிந்த பிறகே வெளியே வாருங்கள்.

கங்காணிமாரிடமும் கணக்கப்பிள்ளைமாரிடமும் நாம் தயவாய்க் கேட்பது ஒன்றுதான். இடி முழங்கும்போது நிறுவையைப் பார்க்காதீர்கள், ஆளைப் பாருங்கள். குறைந்த கொழுந்தை நாளைக்கு எடுக்கலாம்.

தாய்மாரே, வருசப் பொறப்புக்குப் பிள்ளைகளுக்கு ஊஞ்சல் கட்டிக்கொடுங்கள். ஆடட்டும். வானம் உறுமினால் மட்டும் முதலில் பிள்ளையை இறக்கி உள்ளே கூட்டிப்போங்கள். சித்திரைக் குயில் கூவும்போது எல்லா வீட்டிலும் எல்லோரும் இருக்க வேண்டும்.