அரசியலுக்கு ஆயத்தமாகும் இளைஞர்: பெஹாலா காட்டும் வழி

(உரையின் எழுத்து வடிவம்)

கொல்கத்தாவின் தென்மேற்கே, டைமண்ட் ஹார்பர் சாலையின் இருமருங்கிலும் பரந்து கிடக்கும் பகுதி பெஹாலா. 1698-ஆம் ஆண்டில் சுதானுட்டி, கோவிந்தபூர், கலிகாத்தா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாற்றித் தந்த சாபர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரின் பரிஷா இப்பகுதியிலேயே உள்ளது. மாநகரின் தோற்றத்தோடு தொடர்புடைய இவ்வூர், மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தது 1984-ஆம் ஆண்டில்தான். அதுவரை இது தெற்குப் புறநகர் நகராட்சியின் ஆட்சியில் இருந்தது. பழைய நகரத்திற்குக் கிடைத்த நிலத்தடிச் சாக்கடை வசதி, புதிதாகச் சேர்ந்த பகுதிகளை எட்டப் பல்லாண்டுகள் பிடித்தன. தாழ்வான நிலமாதலால், மழைக்காலத்தில் தெருக்களில் நீர் தேங்குவது இப்பகுதி மக்களின் நீண்டநாட் குறையாகும்.

இத்தகைய தெருவொன்றில் வாழும் பதினாறு வயது மாணவர் ஒருவர், வருங்காலத்தில் அரசியலில் ஈடுபட விரும்புகிறார் எனக் கொள்வோம். அவர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்? ஊர்வலத்தில் முழக்கமிடுவதும் சுவரொட்டி ஒட்டுவதுமே அரசியற் கல்வி என்று கருதுவோர் பலர். முழங்கால் அளவு நீரில் நின்று முழக்கமிடலாம். ஆனால் அந்நீர் ஏன் வடியவில்லை என்பதை அறிந்தவரே அதனை வடியச் செய்ய இயலும்.

சட்டம் வகுத்துள்ள படிகள்

வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பட்டது, 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் பயனாக 1989-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 17 வயது நிறைந்தோர் வாக்காளர் பட்டியலில் சேர முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம் என்று தேர்தல் ஆணையம் 2022-இல் வழி செய்தது. ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி ஆகியவற்றில் உறுப்பினராவதற்கு 21 வயது போதுமானது. சட்டமன்றத்திற்கும் மக்களவைக்கும் 25, மாநிலங்களவைக்கு 30 என வயது வரம்பு உயர்கிறது. உள்ளாட்சியே முதற்படி என்பதை அரசியலமைப்பே சுட்டிக் காட்டுகிறது எனலாம். 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம், நகராட்சி அமைப்புகளின் இடங்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் பெண்களுக்கு ஒதுக்கியது. ஆகவே இவ்வாயத்தம் மாணவியர்க்கும் உரியதே.

முன்னோர் சென்ற வழி

நாட்டின் பெருந்தலைவர்கள் பலர் இப்படியில் கால்வைத்தே மேலேறினர். இராஜாஜி 1917-இல் சேலம் நகராட்சித் தலைவரானார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1947-இல் மேற்கு வங்கத்தின் முதல் ஆளுநரானார். நேரு அலகாபாத் நகராட்சியிலும், படேல் அகமதாபாத் நகராட்சியிலும் தலைமைப் பொறுப்பேற்றனர். 1924-இல் சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் மேயரானபோது, மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாகப் பொறுப்பேற்ற சுபாஷ் சந்திர போஸுக்கு வயது 27. காமராசர் 1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் பொறுப்பேற்று, அப்பணியை முழுமையாக ஆற்ற இயலாதெனக் கருதி உடனே விலகினார். கடமையாற்ற இயலாத பதவியைப் பற்றியிருத்தல் கூடாது என்பது அவர் செயலால் உணர்த்திய பாடம்.

தெருவே பாடசாலை

பெஹாலா மாணவருக்குத் தெருவே முதற் பாடநூல். தெருவோர வடிகாலைப் பராமரிப்பது மாநகராட்சி. அவ்வடிகால் நீரை ஏற்கும் சரியல், மணிகாளி போன்ற பெரிய கால்வாய்கள் மாநில நீர்ப்பாசனத் துறையின் பொறுப்பு. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஜோக்காவிலிருந்து தாராதலா வரை ஓடத் தொடங்கி, 2024-இல் மாஜேர்ஹாட் வரை நீண்ட மெட்ரோ ரயிலோ மத்திய அரசின் ரயில்வேயைச் சேர்ந்தது. ஒரே சாலையில் மூன்று நிலை அரசுகளின் கைகளும் படுகின்றன. கால்வாய் தூர்ந்திருக்க, வார்டு உறுப்பினரை மட்டும் கடிந்துகொள்வதால் பயனில்லை. எந்தப் பணி எவருடையது, அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது, எந்த நிலையில் தடைப்பட்டது என அறிவதே அரசியற் கல்வியின் அரிச்சுவடி.

இதற்கு எளிய பயிற்சிகள் உண்டு. மாநகராட்சியின் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தம் வார்டு தொடர்பான பகுதிகளைப் படிக்கலாம். மழைநாட்களில் எந்தத் தெருவில் எத்தனை மணி நேரம் நீர் நின்றது எனக் குறித்து வைக்கலாம். விடை கிடைக்காத வினாக்களுக்கு, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெற்றோர் மூலம் விண்ணப்பிக்கலாம். 1966-67-இல் டில்லிப் பள்ளிகளில் தொடங்கிய இளைஞர் நாடாளுமன்றப் போட்டிகள் விவாத முறையைக் கற்பிக்கின்றன. 1969-இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் மக்களோடு சேர்ந்து உழைக்கப் பழக்குகிறது. எதிர்க் கருத்தைக் குறுக்கிடாமல் கேட்கும் பழக்கம் இவை யாவற்றிலும் முதன்மையானது.

எச்சரிக்கை

ஆர்வம் மட்டும் போதாது என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. 1960-களின் இறுதியிலும் 1970-களின் தொடக்கத்திலும் இந்நகரின் அறிவார்ந்த மாணவர் பலர் படிப்பைத் துறந்து வன்முறை அரசியலில் இறங்கினர். அவர்களிலும், காவலரிலும், பொதுமக்களிலும் பலர் உயிரிழந்தனர். சமூக அநீதி கண்டு அவர்கள் கொண்ட சினம் பொய்யன்று. ஆயினும் அதற்கு ஈந்த விலையைக் குடும்பங்கள் இன்றும் மறக்கவில்லை. இளைஞரின் துடிப்பை ஏவுகருவியாக்கிக்கொள்ள முற்படுவோர் எக்காலத்திலும் உளர். தானே ஆராய்ந்து முடிவெடுக்கும் பயிற்சியே இதற்குக் காப்பு.

பிழைப்பிற்கு அரசியலை மட்டும் நம்பியிராமையும் அத்தகைய காப்பே. 1948 முதல் 1962 வரை மேற்கு வங்கத்தின் முதலமைச்சராயிருந்த டாக்டர் பிதான் சந்திர ராய் புகழ்பெற்ற மருத்துவர். கையில் ஒரு தொழில் உள்ளவர், கொள்கைக்கு முரணான ஆணை வரும்போது மறுத்துரைக்க முடியும். ஆகவே பள்ளிப் படிப்பை முடிப்பதும், ஒரு தொழிலைக் கற்பதும் அரசியல் ஆயத்தத்தின் பகுதிகளே.

அலுவலரின் பங்கு

அரசு அலுவலர்க்கும் இதில் கடமையுண்டு. வார்டு அலுவலகத்தின் வாயிலில் நோட்டுப் புத்தகத்துடன் நிற்கும் மாணவரின் வினா, சில வேளை தொல்லையாகத் தோன்றலாம். அவரை விரட்டினால், அலுவலகத்தில் கேட்டுப் பயனில்லை, கூச்சலே பயன்தரும் என்ற பாடத்தை அவர் கற்றுச் செல்வார். வரைபடத்தை விரித்துக் கால்வாயின் போக்கைக் காட்டினால், நாளை அதே அலுவலகத்திற்கு உறுப்பினராக வரக்கூடிய ஒருவர், எதைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவராக வருவார். பெஹாலாவின் தெருக்களில் நீர் வடிவது, அத்தகைய உறுப்பினர்களையும் பொறுத்தது.