சந்தோசம் வேறு, சம்பளம் வேறு

(கிளிநொச்சியில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை. செய்தி மடல் வாசகர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)

தாய்மாரே, தகப்பன்மாரே, கடையில் வேலை முடித்து உடுப்புக்கூட மாற்றாமல் வந்து உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

தோட்டத்துச் சங்கத்துக்குக் கிளிநொச்சியில் என்ன வேலை என்று இங்கே யாரும் கேட்கமாட்டீர்கள். 1958 லும் 1977 லும் 1983 லும் அடிபட்டு, லயத்தையும் சாமான்களையும் விட்டுவிட்டு வந்த குடும்பங்கள் காடு வெட்டி இருந்த மண் இது. மலையாளபுரம், பாரதிபுரம், தொண்டமான் நகர் என்று பெயர் சொன்னாலே அந்தக் கதை தெரியும். அன்றைக்கு வந்தவர்கள் கூலிக்கு வயல் வேலை செய்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கு ஏ9 வீதியோரத்தில் சாப்பாட்டுக் கடையிலும் பேக்கரியிலும் லொட்ஜிலும் பெற்றோல் செட்டிலும் நிற்கிறார்கள். தோட்டத்துப் பாடசாலையில் நாங்கள் படிப்பித்த பிள்ளைகளும் ஓ.எல். முடிந்த கையோடு இங்கேயும் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் கடை வேலைக்கு வருகிறார்கள். கொழுந்துக் கூடை போய்ச் சாப்பாட்டுத் தட்டு வந்திருக்கிறது. கூலி வாங்கும் கை அதே கைதான்.

ஆகவே இன்றைக்கு ஒரு சின்ன விசயம் போலத் தெரியும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சாப்பிட்டு முடித்து, பில்லைக் கட்டிய பிறகு, பரிமாறிய பிள்ளைக்குத் தனியாகக் காசு வைக்கவேண்டுமா? நாம் அதைச் சந்தோசம் என்கிறோம். கொழும்பில் டிப்ஸ் என்கிறார்கள். அதைக் கொடுப்பது நம் கடமையா?

இந்தக் கேள்வியை இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்கிறோம். மாதத்தில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகும் அம்மா கேட்கிறார்: "மிச்சக் காசை எண்ணி எடுத்துக்கொண்டு வந்தால் அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?" அதே கடையில் தட்டு எடுக்கும் தம்பி கேட்கிறான்: "பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறேன், இவர்களுக்கு ஐம்பது ரூபாய் வைக்க மனம் வரவில்லையே?" இரண்டு பேரும் நம் ஆட்கள். ஒருவர் வெட்கப்படுகிறார், மற்றவர் கோபப்படுகிறார். இரண்டுக்கும் நடுவில் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் முதலாளியை யாரும் பார்ப்பதில்லை.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சந்தோசம் கொடுப்பது நல்ல பழக்கம். ஆனால் அது வாடிக்கையாளரின் கடன் இல்லை. கடன் என்று ஒன்று இருந்தால் அது சம்பளம். அதைக் கட்டவேண்டியவர் முதலாளி. சந்தோசம் சம்பளத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் தொழிலாளிக்குத்தான் நட்டம்.

இதை நமக்கு வேறு யாரும் வந்து படிப்பிக்கத் தேவையில்லை. பிரட்டுக்களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் தெரியும். 2016 இல் போட்ட கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். நாளுக்கு 730 ரூபாய் என்று பத்திரிகைகளில் போட்டார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய்தான். வருகைக்கு 60, கூடுதல் கொழுந்துக்கு 140, தேயிலை விலைப் பங்காக 30. மாதத்தில் 75 வீத நாள் வேலைக்குப் போகாவிட்டால் அந்த 60 இல்லை. சொன்ன கிலோ வராவிட்டால் 140 இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, கொழுந்தில்லாத மாதம், எது வந்தாலும் தொழிலாளியின் கையில்தான் வெட்டு விழும். 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் நம் இளைஞர்கள் கறுப்பு உடையில் கூடியபோது, அடிப்படைச் சம்பளமே 1,000 ரூபாயாக வேண்டும் என்று கேட்டது இதனால்தான். மேலே தொங்கும் காசை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்பதை நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

இன்னும் அந்தக் கணக்கு முடியவில்லை. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை 1,550 ஆக்குவதாகச் சொன்னார்கள். அதற்கு மேலே, வேலைக்கு வரும் நாளுக்கு 200 ரூபாயை அரசாங்கம் கொடுக்கும் என்றும் சொன்னார்கள். வருகிற காசை வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அடுத்த பேச்சுவார்த்தை எந்தத் தொகையில் இருந்து தொடங்கும் என்று கேட்டுப் பாருங்கள். மேலதிகமாகக் கொடுப்பதைக் கொடுத்தவர் நிறுத்தலாம். சம்பளத்தை அப்படி நிறுத்த முடியாது.

நுவரெலியாப் பக்கம் வீதியோர மலைகளில் வெள்ளைக்காரர்கள் வாகனத்தை நிறுத்தி, கூடையோடு நிற்கும் பெண்களைப் படம் எடுத்துவிட்டுக் காசு கொடுப்பதையும் பார்த்திருக்கிறீர்கள். அதை வாங்கும் அக்காவை யாரும் குறை சொல்லக்கூடாது. ஆனால் ஒரு நாள் முழுக்கக் கொழுந்து எடுப்பதைவிடச் சிரித்துக்கொண்டு நிற்பதற்குச் சில நாளில் கூடக் கிடைக்கிறது என்றால், வெட்கப்படவேண்டியது அவர் இல்லை. கம்பனிதான்.

உலகத்திலே இந்தப் பழக்கம் எங்கே போய் முடிந்தது என்றும் பார்ப்போம். அமெரிக்காவில் 1991 ஆம் ஆண்டிலிருந்து ஒரு கணக்கு இருக்கிறது. டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2 டொலர் 13 சதம் கொடுத்தால் போதும் என்கிறது மத்திய அரசின் சட்டம். மற்றவர்களுக்கான குறைந்தபட்சம் 7 டொலர் 25 சதம். இடையில் உள்ளதை டிப்ஸால் நிரப்பலாம்; நிரம்பாவிட்டால் மட்டும் முதலாளி சேர்த்துக் கொடுக்கவேண்டும். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் இதை ஏற்கவில்லை. மற்ற இடங்களில் டிப்ஸ் வைக்காமல் எழும்பினால் ஊரே திட்டும். சம்பளத்தின் ஒரு பங்கைச் சட்டமே வாடிக்கையாளரின் தலையில் ஏற்றிவிட்டது. அங்கே அது கடமையானது இப்படித்தான்.

அதே நாட்டில் இதை எதிர்த்து நின்ற தொழிலாளிகளும் இருந்தார்கள். புல்மன் என்ற கம்பனி ரயில்களில் படுக்கைப் பெட்டிகளை ஓட்டியது. அதில் வேலைக்கு எடுத்தது அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட கறுப்பு மக்களையும் அவர்களின் பிள்ளைகளையும். சம்பளம் கொஞ்சம், மிச்சத்தைப் பயணிகளிடம் சிரித்து வாங்கிக்கொள். பயணிகள் அவர்களின் சொந்தப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கம்பனி முதலாளி ஜோர்ஜ் புல்மனின் பெயரை வைத்து எல்லாரையும் "ஜோர்ஜ்" என்று கூப்பிட்டார்கள். 1925 இல் பிலிப் ராண்டொல்ப் என்பவரின் தலைமையில் அவர்கள் சங்கம் கட்டினார்கள். பன்னிரண்டு வருசம் விடாமல் நின்று 1937 இல் கம்பனியுடன் ஒப்பந்தம் போட்டார்கள். சம்பளம் ஏறியது, மாதத்துக்கு 400 மணி அளவில் இருந்த வேலை நேரம் 240 ஆகக் குறைந்தது. டிப்ஸ் கொடுத்து எந்தப் பயணியும் அவர்களுக்கு அந்த நேரத்தை மீட்டுக் கொடுத்திருக்க முடியாது.

இப்போது தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. உங்களில் சிலர் மனதுக்குள் என்ன சொல்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். "சேர், சில நாள் சம்பளத்தைவிடச் சந்தோசம்தான் கூட வருகிறது. இதில் கை வைக்காதீர்கள்." நியாயமான பயம். உங்கள் கையில் வருகிற காசைப் பறிக்கச் சங்கம் வரவில்லை. ஆனால் நாலு விசயத்தை யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் காய்ச்சலில் படுத்தால் சந்தோசம் வருமா? வராது.

குசினியில் நெருப்புக்கு முன்னால் கொத்துப் போடுகிறவருக்கும், பின்னால் சட்டி கழுவுகிற அம்மாவுக்கும் அது போகிறதா? பெரும்பாலும் போவதில்லை. மேசைக்குப் போகிறவருக்கு மட்டும்தான். பிறகு நல்ல மேசைக்காக உங்களுக்குள்ளேயே சண்டை வரும்.

தங்கைமாரிடம் கேளுங்கள். கேவலமாகப் பேசும் ஆளையும் சிரித்துத் தாங்கிக்கொள்ள வேண்டியிருப்பது எதற்காக? அந்தக் காசு அவன் இஷ்டத்தில் இருப்பதால்தான்.

நாலாவதுதான் பெரியது. சந்தோசத்துக்கு ஊழியர் சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எப்., இல்லை. கணக்கைக் கரும்பலகையில் எழுதுவது போலச் சொல்கிறோம், கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். 2026 ஜனவரியிலிருந்து இந்த நாட்டில் தேசிய குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். நாட்கணக்கில் 1,200 ரூபாய். 30,000 சம்பளத்தில் உங்கள் பங்கு 8 வீதம், 2,400 ரூபாய். முதலாளியின் பங்கு 12 வீதம், 3,600 ரூபாய். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.ரி.எப்.க்கு, முதலாளி கட்டவேண்டியது 3 வீதம், 900 ரூபாய். எல்லாம் சேர்த்து மாதம் 6,900. வருசத்துக்கு 82,800. பத்து வருசத்தில், வட்டியை விட்டுப் பார்த்தாலும், 8 இலட்சத்து 28 ஆயிரம் ரூபாய். அதில் உங்கள் கையிலிருந்து போவது 2 இலட்சத்து 88 ஆயிரம் மட்டும். மிச்ச 5 இலட்சத்து 40 ஆயிரமும் முதலாளி உங்கள் பெயரில் கட்டவேண்டியது. "சம்பளம் கொஞ்சம்தான் தம்பி, சந்தோசத்தில் பார்த்துக்கொள்" என்று சொல்லும்போது அந்தக் காசைத்தான் உங்களிடமிருந்து எடுக்கிறார்கள்.

அடுத்தது பில்லின் அடியில் வரும் 10 வீதம். பெரிய ஹோட்டல்களிலும் நகரத்துக் கடைகளிலும் சேவைக் கட்டணம் என்று போடுகிறார்கள். வாடிக்கையாளர் அதைத் தொழிலாளிக்குப் போகிறது என்று நினைத்துக் கட்டுகிறார். தொழிலாளியின் பெயரால் வாங்கும் காசு தொழிலாளிக்குப் போய்ச் சேரவேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே சட்டம் போட்டார்கள். 2024 ஒக்டோபர் 1 முதல், டிப்ஸையும் சேவைக் கட்டணத்தையும் முதலாளி தனக்கென்று வைத்திருக்க முடியாது. நியாயமாகப் பிரித்துக் கொடுக்கவேண்டும். வன்னியிலிருந்து லண்டனுக்குப் போய் ஹோட்டலில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். இந்தியாவில் 2022 ஜூலையில் நுகர்வோர் பாதுகாப்பு அதிகார சபை, சேவைக் கட்டணத்தைப் பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாது என்றது; 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஒரு நாடு தொழிலாளியின் பக்கம் நின்று பேசியது, மற்ற நாடு வாடிக்கையாளரின் பக்கம் நின்று பேசியது. இரண்டும் சொல்வது, அந்தக் காசு முதலாளியின் மறைவான வருமானமாகிவிடக்கூடாது என்பதைத்தான்.

ஆகவே என்ன செய்வோம்?

கடைக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு: கையில் இருந்தால் கொடுங்கள். தட்டில் போட்டுவிட்டுப் போகாமல் அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள். சேவைக் கட்டணம் போட்டிருந்தால், "இது உங்களுக்கு வருகிறதா?" என்று கேளுங்கள். கையில் இல்லையென்றால் தலை குனியவேண்டாம். நாட்சம்பளத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுக்கும் தாய், முதலாளியின் சம்பளப் பாக்கியைக் கட்டக் கடமைப்பட்டவர் இல்லை. ஆனால் ஒன்று எல்லாராலும் முடியும். "டேய், இங்கே வா" என்று கூப்பிடாமல், "தம்பி", "தங்கச்சி" என்று கூப்பிடுங்கள். நம்மைத் தோட்டத்தில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பது நமக்கு மறந்துபோகவில்லை.

வேலை செய்யும் பிள்ளைகளுக்கு: நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளச் சீட்டுக் கேளுங்கள். சேமலாப நிதி அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். வேலைக்குப் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் ஒரு கொப்பியில் தினமும் குறியுங்கள். தொழில் அலுவலகத்துக்குப் போகும் நாளில் அந்தக் கொப்பி உங்களுக்காகப் பேசும். சந்தோசக் காசை ஒரு பெட்டியில் போட்டு, குசினியில் நிற்பவர்களையும் சேர்த்துப் பிரியுங்கள். அப்படிப் பிரிக்கப் பழகியவர்கள் பிறகு சம்பளத்துக்கும் ஒன்றாக நிற்பார்கள்.

பெற்றோருக்கு: பிள்ளையைக் கடையில் விடும்போது "சாப்பாடும் தங்குமிடமும் உண்டு, சந்தோசமும் வரும்" என்று சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். "சம்பளம் எவ்வளவு, சேமலாப நிதி கட்டுவீர்களா?" என்று கேளுங்கள். கேட்கத் தயக்கமாக இருந்தால் எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

1927 இல் தோட்டத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் துரை மனம் வைத்தால்தான் எல்லாம். அந்தச் சட்டம் தந்த தொகை சொற்பம். ஆனாலும் சம்பளம் கேட்டு வாங்கும் உரிமையானது. கிட்டத்தட்ட நூறு வருசம் கழித்து, ஏ9 வீதியில் நிற்கும் நம் பிள்ளைகள் திரும்பவும் யாரோ மனம் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க நாம் விடக்கூடாது.

கூட்டம் முடிந்ததும் கடை வேலை செய்யும் பிள்ளைகள் போய்விடாதீர்கள். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். நியமனக் கடிதம் இல்லாதவர்கள் பெயரையும் வேலை செய்யும் இடத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் அது முதலாளியிடம் போகாது.