பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



செயலாளர் நண்பர் போன் செய்து, "நீ ஏதோ பழைய பட்டாளத்து மெடல் எல்லாம் சேர்க்கிறியாமே, அதைப் பத்தி இருபது நிமிஷம் பேசு" என்றார். "நம்ம ஊர்ல அதை யாருப்பா கேட்பாங்க?" என்றேன். "நீ பேங்க் கடன் வசூல் பத்திப் பேசறதுக்கு இது தேவலை" என்றார். ஆகவே நிற்கிறேன்.

நம்முடையது வானம் பார்த்த பூமி. அருப்புக்கோட்டையிலே தறி உண்டு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் கருவேல மரமும் கரிசலும்தான். மழை பொய்த்துப் போனால் அந்தக் காலத்து ஆம்பளைகளுக்கு இரண்டு வழி. ஒன்று, கொழும்பு, ரங்கூன், பினாங்கு என்று கப்பல் ஏறுவது. இன்னொன்று பட்டாளம். அப்படிப் பட்டாளத்துக்குப் போனவர்களில் எங்கள் அய்யாவும் ஒருவர். அப்பாவைப் பெற்றவர். 1914-ல் தொடங்கிய முதல் உலகப் போரில் பஸ்ராவுக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது எங்கப்பா கைக்குழந்தை.

அய்யாவுக்குப் பதிலாகத் தபாலில் இரண்டு பதக்கங்கள் வந்தன. ஒன்று வெண்கலம், அது எப்போதோ பழைய பாத்திரக்காரரிடம் போய்விட்டது. மற்றது வெள்ளி. அதை அப்பத்தா ஒரு துணியில் முடிந்து கம்புக் குதிருக்குள் போட்டு வைத்திருந்தார்கள்.

1980-ல் என் தங்கைக்குக் கல்யாணம். அந்த ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்சு 50 டாலர் வரை ஏறிய சமயம். கொலுசு செய்ய வெள்ளி வேண்டும். அப்பத்தாவே முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தார்கள். "எடுத்துட்டுப் போ, இது கிடந்து என்ன செய்யுது" என்றார்கள். நான் வாசற்படி தாண்டும்போது கூப்பிட்டு ஒன்று கேட்டார்கள்: "இதுல உங்க அய்யா பேரு போட்டிருக்குன்னு தபால்காரரு சொன்னாரே, எங்கே இருக்கு, காட்டு."

நான் பி.ஏ. படித்தவன். பேங்கில் வேலை. முன்புறம் பார்த்தேன், ராஜா தலை, சுற்றிலும் லத்தீன் எழுத்து. பின்புறம் பார்த்தேன், குதிரை மேல் ஒரு ஆள், 1914, 1918 என்று வருஷம். "அய்யா பேரு எதுவும் இல்லை அப்பத்தா, ராஜா பேருதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனேன். அவர்களும் "சரி" என்றார்கள். பட்டறையில் என் கண் முன்னால்தான் உருகியது.

பதின்மூன்று வருஷம் கழித்து, மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் அதே மாதிரி ஒரு வெள்ளிப் பதக்கத்தைப் பார்த்தேன். கடைக்காரர் அதைச் செங்குத்தாக நிறுத்தி, விளிம்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். அங்கே இருந்தது: ஒரு எண், பதவி, பெயர், படைப்பிரிவு. அச்சடித்த மாதிரி வரிசையாக. எனக்குக் கை உதறியது. அப்பத்தா அப்போது உயிரோடு இல்லை.

நான் பதக்கம் சேர்க்க ஆரம்பித்த கதை இதுதான். பெருமைப்பட ஒன்றுமில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து வீடுகளில் அதிகம் கிடைப்பது மூன்று. முதலாவது, நான் உருக்கியது: பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். 36 மில்லிமீட்டர் குறுக்களவு, ஏறத்தாழ ஒரு அவுன்சு எடை. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டரை பங்கு வெள்ளி. சுமை தூக்கவும் ரோடு போடவும் போன கூலிப்படையினருக்கு இதையே வெண்கலத்தில் கொடுத்தார்கள். உழைப்பிலும் தரம் பிரித்தார்கள். இரண்டாவது, வெற்றிப் பதக்கம்: வெண்கலம், சிறகு விரித்த தேவதை, வானவில் நிற நாடா. மூன்றாவது, இரண்டாம் உலகப் போரின் ஆறு முனை நட்சத்திரங்கள். பர்மா நட்சத்திரம் அதில் ஒன்று. இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த நட்சத்திரங்களைப் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல் மொட்டையாகக் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்துக் கொடுத்தார்கள். நட்சத்திரத்துக்குப் பெயர் பின்புறத்தில் இருக்கும்; வட்டப் பதக்கத்துக்கு விளிம்பில்.

சரி, அசலா போலியா என்று எப்படிப் பார்ப்பது? பேங்கில் கள்ளநோட்டு பார்த்த பழக்கம் எனக்கு இதில் உதவியது.

முதலில் அளவு. அசல் பதக்கம் அச்சுக்கட்டையில் அழுத்தி அடித்தது. போலியை வார்ப்பில் ஊற்றுவார்கள். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும். ஆகவே போலி ஒரு மயிரிழை சின்னதாக இருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழி தெரியும். குதிரையின் பிடரி மழுங்கியிருக்கும்.

அடுத்து விளிம்பு. அசல் பதக்கத்திலேயே பித்தலாட்டம் நடப்பது இங்கேதான். சாதாரணச் சிப்பாய் பெயரை அரத்தால் ராவிவிட்டு, விலை போகிற அதிகாரி பெயரை வெட்டிவிடுவார்கள். ராவின விளிம்பு குறுகிப் போகும். நாலு இடத்தில் அளவுகோல் வைத்துப் பார்த்தால் 36 வராது. முதல் போர்ப் பதக்கங்களில் எழுத்து அச்சால் குத்தியது. கையால் உளி போட்டு வெட்டினால் கோட்டின் ஓரம் வேறு மாதிரி மின்னும்.

பிறகு நாடா. பேங்கில் இருக்கும் ஊதா விளக்கின் கீழே வைத்தால் இந்தக் காலத்துச் செயற்கை நூல் பளீரென்று ஒளிரும். பழைய நூல் மங்கலாகவே கிடக்கும். ஆனால் நாடா புதுசு என்பதால் மட்டும் பதக்கம் போலி ஆகிவிடாது. பேரன் ஆசையாக மாற்றியிருக்கலாம்.

கடைசியாகக் காகிதம். ஒருவர் என்னிடம் 1917-ஆம் வருஷத்து டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பு நிறம், கரையான் அரிப்பு, எல்லாம் கச்சிதம். ஊர் திருச்சுழி, மாவட்டம் விருதுநகர் என்று போட்டிருந்தது. விருதுநகர் மாவட்டம் பிறந்ததே 1985-ல்தானே! 1917-ல் நாமெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. டீத்தண்ணியில் நனைத்துக் காயவைத்தவருக்குச் சரித்திரம் தெரியவில்லை.

இன்னொன்றையும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். நம் ஜில்லாவிலிருந்து மலேயா, பர்மா போனவர்களில் நிறையப் பேர் நேதாஜி படையில் சேர்ந்தார்கள். அதனால் "நேதாஜி கையால் கொடுத்த மெடல்" என்றால் நம் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிறார்கள். ஆசாத் ஹிந்த் பதக்கங்கள் 1942-ல் ஜெர்மனியில் ஏற்படுத்தப்பட்டவை. செய்தது வியன்னா நகரத்து சூவால் என்ற பட்டறை. போர் முடிந்த பிறகும் சேகரிப்பாளர்களுக்காக அதே பட்டறை அடித்து விற்றது. அசலைச் செய்த கையே நகலையும் செய்தால் எப்படிப் பிரிப்பது? எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை, வாங்குவதில்லை.

இதெல்லாம் எதற்கு, கிழவனுக்குப் பொழுதுபோக்கா என்று கேட்பீர்கள். ஒன்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு சலவைக்கல் உண்டு. "இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள்" என்று இங்கிலீஷில் இருக்கும். எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. பஸ்ராவில் 1929-ல் திறந்த நினைவுச்சின்னம் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கானது. 1997-ல் அதைப் பெயர்த்துப் பாலைவனத்தில் வைத்துவிட்டார்கள். அதிலும் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்தியரில் அதிகாரிக்குத்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021-ல்தான் இந்தப் பாரபட்சத்துக்கு மன்னிப்புக் கேட்டது.

ஊர்க் கல்லும் பஸ்ராக் கல்லும் எண்ணிக்கை சொன்னபோது, அவர் பெயரைச் சொன்னது அந்த விளிம்பு ஒன்றுதான். அதைத்தான் நான் உருக்கினேன்.

அந்த ஆணையத்தின் பதிவேட்டில் இன்று பெயர் போட்டுத் தேடலாம். நானும் தேடினேன். நம் பக்கம் குலசாமி பெயர்தானே எல்லோருக்கும். ஒரே பெயரில் பலர் வருகிறார்கள். சிலருக்குத் தகப்பன் பெயரும் ஊரும் இருக்கிறது, சிலருக்கு இல்லை. எண் தெரிந்தால் ஒரு நிமிஷ வேலை. எங்கள் அய்யாவின் எண் என் தங்கையின் கொலுசில் கரைந்துவிட்டது.

நான் சேர்த்தவற்றில் ஒன்றை மட்டும் அந்த வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்க முடிந்தது. நகைக் கடையில் எடைக்கு வாங்கியது. அடகுச் சீட்டில் ஊர் இருந்தது. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமம். பேரன் வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இது எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான் முதலில் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? "விற்கிறதும் வைக்கிறதும் உங்க இஷ்டம். அதுக்கு முன்னாடி இதை மட்டும் வாசிங்க" என்று விளிம்பைக் காட்டினேன். எழுத்துக் கூட்டி வாசித்தார். உள்ளே இருந்த பெரியம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு தரம் சத்தமாக வாசித்தார். பிறகு விலை பேசவில்லை. இன்றைக்கு அது அங்கே இருக்கிறதா இல்லையா, நான் போய் விசாரிக்கவில்லை.

நண்பர்களே, நீங்கள் ஊருக்குப் போனதும் மச்சில் கிடக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கம் கிடைத்தால் புளி போட்டு விளக்காதீர்கள், பிராஸோவும் வேண்டாம். பளபளப்போடு எழுத்தும் தேய்ந்து போகும். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பச்சை பிடிக்கும். பருத்தித் துணியில் முடிந்து வையுங்கள். விளிம்பை நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து, எண்ணையும் பெயரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விற்பதானாலும் எழுதிவிட்டு விற்றுவிடுங்கள். நூறு வருஷம் கடந்த தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷத்துச் சட்டம் தனியாரை விடாது, அதையும் மனதில் வையுங்கள்.

வீட்டில் வயசான பெண்கள் யாராவது, "இதுல பேரு எங்கே இருக்கு?" என்று கேட்டால், அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள். பதக்கத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.