ஒற்றை ரேகை

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த குழந்தையின் கையை விரித்துப் பார்த்தால், பல நேரம் உள்ளங்கையின் குறுக்கே ஒரே ரேகைதான் ஓடும். சுண்டுவிரல் சற்றே உள்ளே வளைந்திருக்கும். கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடைவெளி கூடுதல். ஜோசியக்காரருக்கு இங்கே வேலையில்லை! எந்தக் கோளாறும் இல்லாத சிலருக்கும் அந்த ஒற்றை ரேகை உண்டு. உங்கள் கையில் இருந்தால் பயப்படாதீர்கள்.

டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம், 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது. 1959இல் பாரிஸில் லெஜூன், கோத்தியே, துர்ப்பேன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் இதை வெளியிட்டார்கள். ஆய்வகத்தில் செல்களை வளர்த்தவர் மார்த்த கோத்தியே என்ற பெண்மணி. பேரென்னவோ லெஜூனுக்குத்தான் போனது.

ரேகையை விடுங்கள், இதயத்தைப் பார்க்க வேண்டும். இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதில் பிறவிக் கோளாறு இருக்கும். அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை இருப்பது சகஜம். குழந்தை பார்க்க நன்றாகவே இருக்கலாம். அதனால்தான் பிறந்ததுமே டாக்டர்கள் எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள்.