மூளையில் ஆண், பெண் வேற்றுமை
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் நமக்கு மூளையைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் வினவலாம். ஒரே தகுதிதான், நாமும் ஒரு பெண்ணைப் பெற்றிருக்கின்றோம். சென்ற ஆண்டு அவள் கணிதப் பிரிவில் சேர விரும்பினாள். "கணக்கு பெண்பிள்ளைகளின் மூளைக்கு ஒத்து வராதம்மா" என்று சொல்லித் தடுத்துவிட்டோம். நாம் சொன்னது மெய்தானா என்னும் ஐயம் பின்னர் எழுந்தது. தேடிப் படித்தோம். அறிந்ததை உங்கள்முன் வைக்கின்றோம்.

நம் உடலின் உயிரணுக்களில் மரபணுக்கள் அடங்கிய ஒரு பேரேடு உள்ளது. பேரேடு முழுவதும் இருந்தாலும் எல்லாப் பக்கங்களும் எப்போதும் திறந்திருப்பதில்லை. மெத்தில் என்னும் சிறு இரசாயனத் துணுக்கு ஒட்டிக்கொண்ட பக்கம் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். எழுத்து மாறுவதில்லை, படிக்கப்படுவது மட்டுமே மாறுகின்றது. இதனை ஆராயும் துறையே எபிஜெனிடிக்ஸ். இச்சொல்லை 1942-இல் வழங்கியவர் வாடிங்டன் என்னும் அறிஞர்.

1959-இல் அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தார், சினையுற்ற கினிப் பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் சுரப்பைச் செலுத்தினர். பிறந்த பெண் குட்டிகள் வளர்ந்தபின் ஆணைப்போல் நடந்துகொண்டன. அச்சுரப்பு இல்லையெனில் மூளை தானாகவே பெண் மூளையாக அமைந்துவிடும் என்று அறிஞர் நெடுங்காலம் கருதி வந்தனர்.

2015-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் மார்கரெட் மெக்கார்த்தி அம்மையாரின் குழுவினர் எலிகளைக் கொண்டு செய்த ஆய்வு இக்கருத்தைத் திருத்தியது. ஆண் குட்டியின் டெஸ்டோஸ்டிரோன் மூளையை அடைந்து எஸ்ட்ராடயாலாக மாறுகின்றது. பெண் சுரப்பு என்று நாம் அழைக்கும் அதுவே அங்கே ஆண் தன்மையை உண்டாக்குகின்றது! மெத்திலை ஒட்டும் நொதியின் வேலையை அது குறைக்க, மூடிய பக்கங்கள் சில திறக்கின்றன. பெண் குட்டியிலோ அப்பக்கங்களை மூளை விடாது மூடியே காக்கின்றது. அந்நொதியை மருந்தால் தடுத்தபோது, பெண் எலியின் மூளைப் பகுதி ஒன்று ஆணுக்குரிய அமைப்பைப் பெற்றது, நடத்தையும் மாறியது. பெண் மூளை எழுதப்படாத வெற்றுத்தாள் அன்று. காத்து அமைக்கப்பட்ட ஒன்று.

தாயின் பேணுதலுக்கும் இதில் பங்குண்டு. தாய் எலி ஆண் குட்டிகளையே மிகுதியாக நக்கிக் கொடுக்கின்றது. பெண் குட்டிகளையும் அவ்வாறே தடவிக் கொடுத்தபோது, அவற்றின் மூளையில் ஒரு மரபணுவின்மீதிருந்த மெத்தில் அளவு ஆண் குட்டிகளுடையதைப்போல் ஆயிற்று.

எலியின் செய்தியை அப்படியே மனிதர்மீது ஏற்றிவிடலாகாது. அவ்வாய்வு காட்டியதும் இனப்பெருக்க நடத்தையை ஆளும் சிறு பகுதியைப் பற்றியதே, கணக்கைப் பற்றியதன்று. மனித மூளையைப் பொறுத்தவரை, டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டாஃப்னா ஜோயல் அம்மையார் குழுவினர் 2015-இல் 1,400-க்கும் மேற்பட்ட மூளைப் படங்களை ஆராய்ந்தனர். சராசரியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற்றுமைகள் இருந்தன. ஆயினும் எல்லாக் கூறுகளிலும் முழு ஆணாகவோ முழு பெண்ணாகவோ அமைந்த மூளை மிக அரிது. ஆணிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் பெண்ணிடம் மிகுதியாகக் காணும் கூறுகளும் பெரும்பாலோரிடம் கலந்தே இருந்தன.

அன்பர்களே! ஆணும் பெண்ணும் எல்லா வகையிலும் ஒன்றே என்று நாம் வாதாட வரவில்லை. ஆனால் ஒரு பிள்ளை பெண் என்பதை மட்டும் கொண்டு, அவளுக்குக் கணக்கு வருமா வராதா என்று தீர்ப்புக் கூற எவராலும் இயலாது. நாம் கூறினோம், அது பிழை.

நம் மகள் இப்போது வணிகப் பிரிவில் பயில்கின்றாள். அவளிடம் நம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டோம். சென்ற ஆண்டைத் திரும்பப் பெற முடியவில்லை. இக்காலனியில் தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் பலர் உள்ளனர். அவர்களுடைய மதிப்பெண்ணைப் பாருங்கள், விருப்பத்தைக் கேளுங்கள். மூளையை அளந்தவர்போல் பேசாதீர்கள் என்று பெற்றோரை வேண்டி அமைகின்றோம்.