குன்னூருக்கு வீடு மாறுகிறீர்களா? கணக்கை அந்த வீட்டு வாசலிலிருந்து தொடங்குங்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியதன் எழுத்து வடிவம். ஷிஃப்ட் காரணமாக வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



நம் ஒரகடம் பக்கம் வந்து போகிறவர்களின் ஊர். ஹூண்டாய் வந்தபோது ஒரு கூட்டம் வந்தது. 2014 நவம்பரில் நோக்கியா ஆலை நின்றபோது ஒரு கூட்டம் பெட்டியைக் கட்டியது. அதனால் வீடு மாறுவது நமக்குப் புதிதல்ல. படப்பையிலிருந்து இங்கே, இங்கிருந்து சுங்குவார்சத்திரம் என்று மாறிக்கொண்டே இருக்கிறோம். லாரி கேட்டுக்குள் ரிவர்ஸில் வரும், லிஃப்ட் இருக்கும், மாலைக்குள் பால் காய்ச்சிவிடலாம்.

ஆனால் இந்த வருடம் நம் பிளாக்குகளிலிருந்து மூன்று குடும்பங்கள் நீலகிரிக்குப் போகின்றன. ஒருவர் ரிட்டயர் ஆகிச் சொந்த ஊர் திரும்புகிறார். மற்ற இருவரும் குன்னூர் பக்கம் வேலை கிடைத்துப் போகிறார்கள். நான் தொழிற்சாலையில் டிஸ்பாட்ச் பிரிவில் 27 வருடம் இருந்தவன் என்பதால் இதைப் பற்றிப் பேசச் செயலாளர் சொன்னார். நான் சொல்லப்போவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். மலைக்கு வீடு மாறும்போது செலவைத் தீர்மானிப்பது இங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை இருக்கும் ஐந்நூறு கிலோமீட்டர் அல்ல. புது வீட்டு வாசலுக்கு முன்னால் இருக்கும் கடைசி நூறு மீட்டர்.

முன்பு நம் வளாகத்தில் இருந்த ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், நிறுவனத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. ‘டோர் டு டோர்’ என்று பேசி முன்பணம் கொடுத்தார்கள். 19 அடி லாரி ராத்திரி முழுக்க ஓடி மறுநாள் மதியம் குன்னூர் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குத் திரும்பும் தெருவில் லாரியின் மூக்கே நுழையவில்லை. மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, இங்கிருந்து சுமக்க வேண்டுமென்றால் தனியாகப் பணம், இல்லையென்றால் ரோட்டோரம் இறக்கிவிடுகிறோம் என்றார் சூப்பர்வைசர். மழை தூற ஆரம்பித்துவிட்டது, காரில் 80 வயதுப் பாட்டி. அந்த நேரத்தில் பேரம் பேச யாருக்கு மனம் வரும்? கேட்டதைக் கொடுத்தார்கள். அது முதலில் பேசிய தொகையில் ஏறக்குறைய பாதி.

இதைத் தவிர்க்க ஒரு ஃபோன் போதும். வாடகைக்கு வீடு பார்த்தாயிற்று என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே அங்கே யாரையாவது வீடியோ காலில் நடக்கச் சொல்லுங்கள். வீட்டு வாசலில் தொடங்கி, லாரி நிற்கக்கூடிய ரோடு வரை. படிகளை எண்ணச் சொல்லுங்கள். படி ஏற்றமா இறக்கமா, நடுவில் திருப்பம் இருக்கிறதா, கைப்பிடி இருக்கிறதா, பாசி பிடித்திருக்கிறதா, மேலே மின்கம்பி தாழ்வாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். குன்னூரில் ரோட்டுக்குக் கீழே இருக்கும் வீடுகள் ஏராளம். ரோட்டிலிருந்து பார்த்தால் கூரை மட்டும் தெரியும், வாசல் அறுபது படி கீழே இருக்கும். இறங்குவது சுலபம் என்று நினைக்காதீர்கள். ஃபிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு ஈரப் படியில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து.

இப்போது கணக்கு. இரண்டு பெட்ரூம் வீட்டுச் சாமான் என்றால் சுமார் 60 அட்டைப்பெட்டி, பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்ற பெரிய சாமான் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்கு ஒரு ஆள், பெரிய சாமானுக்கு மூன்று ஆள். ஆக 90 ஆள்-நடை. எண்பது படி போய் வர ஒரு நடைக்கு ஆறு நிமிடம் என்றால் 540 நிமிடம், அதாவது ஒன்பது மணி நேர உழைப்பு. நான்கு பேர் இருந்தால் இரண்டேகால் மணி நேரம். மூச்சு வாங்க, டீ குடிக்க, மழைக்கு ஒதுங்க எல்லாம் சேர்த்து அதை இரட்டிப்பாக்குங்கள், அரை நாள் வேலை. அந்த அரை நாளை யார் செய்கிறார்கள், எவ்வளவு கூலி என்பதை இங்கேயே பேசி முடித்துவிடுங்கள்.

என் யோசனை, அந்த வேலைக்கு உள்ளூர் லோடுமேன்களை வைத்துக்கொள்வது. ராத்திரி முழுக்க லாரியில் உட்கார்ந்து வந்த பையன்களைக் குளிரில், பழக்கமில்லாத படியில், பீரோவைத் தூக்கச் சொல்வது நியாயமில்லை. ஒருவர் வழுக்கி விழுந்தால் அவர் முதுகும் போகும், உங்கள் பீரோவும் போகும். வீட்டு ஓனரிடமோ பக்கத்து மளிகைக் கடையிலோ கேட்டால் ஆள் சொல்வார்கள். கூலியை முன்கூட்டியே பேசுங்கள், சாப்பாடும் டீயும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

தெருவுக்குள் பெரிய வண்டி போகாது, ஆனால் குட்டி யானை போகும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. குட்டி யானை முக்கால் டன் எடுக்கும். இரண்டு பெட்ரூம் சாமான் இரண்டு, மூன்று டன் வரும் என்பதால் நான்கு நடையாவது ஆகும். மெயின் ரோட்டிலிருந்து நான்கு நடை அடிப்பதா, அல்லது மேட்டுப்பாளையத்திலேயே பெரிய லாரியிலிருந்து இரண்டு நடுத்தர மலை வண்டிகளுக்கு மாற்றிவிடுவதா என்று இரண்டுக்கும் விலை கேளுங்கள். நீலகிரிக் காய்கறியும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. இறக்கிவிட்டுக் காலியாக மேலே திரும்பும் வண்டிகள் உண்டு. டிஸ்பாட்சில் நாங்கள் ரிட்டர்ன் லோடு என்போம். அப்படி ஒன்று அமைந்தால் செலவு குறையும், டிரைவருக்கும் ரோடு கைவந்திருக்கும். இது சின்ன விஷயமல்ல. மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் நிலையம் 1,712 மீட்டரில். அவ்வளவு உயரத்தையும் சுமார் 35 கிலோமீட்டர் ரோட்டில், 14 கொண்டை ஊசி வளைவுகளோடு ஏற வேண்டும். ஒரே ஒரு குறை, சாமானை ஒரு தடவை கூடுதலாகக் கை மாற்ற வேண்டும். கண்ணாடி நிறைய வைத்திருப்பவர்கள் யோசித்துச் செய்யுங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது ‘டோர் டு டோர்’ என்ற வார்த்தையை நம்பாதீர்கள். படி எண்ணிக்கை, வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல் வரை தூரம், இரண்டையும் மெயிலில் எழுதி, ‘இவற்றுக்கான சுமைகூலி சேர்த்து’ என்று பதில் வாங்குங்கள். பேக்கிங்கோடு சேர்த்து மொத்தமாக எடுக்கும் நிறுவனங்கள் பொதுவாக 18 சதவீதம் ஜி.எஸ்.டி. போடும். வாயால் சொன்ன தொகையில் அது சேர்ந்ததா என்று கேளுங்கள். இன்ஷூரன்ஸ் என்று தனியாக ஒரு சதவீதம் கேட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பெயரில் பாலிசி கைக்கு வருமா என்று பாருங்கள். வராவிட்டால் அது அந்த நிறுவனத்தின் வாக்குறுதி மட்டும்தான்.

அடுத்தது தேதி. இங்கேதான் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் சிக்கல். பள்ளிக்கூடம் மே மாதம் போ என்கிறது, மலை மே மாதம் வராதே என்கிறது. மே என்றால் ஊட்டி மலர்க் கண்காட்சி, சீசன் கூட்டம். மேலே போக குன்னூர் வழி, கீழே இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதையாக்குவார்கள். கனரக வண்டிகளுக்குப் பகலில் கட்டுப்பாடும் வரும். லாரி காத்திருந்தால் வெயிட்டிங் சார்ஜ் உங்கள் தலையில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை போகவே வேண்டாம் என்பேன். குன்னூர் கிழக்குச் சரிவில் இருப்பதால் வடகிழக்குப் பருவமழை அங்கே பலமாகப் பெய்யும். 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் அந்த மாதங்களில் ரோட்டில் மரமோ மண்ணோ விழுந்து போக்குவரத்து நிற்பது வாடிக்கை. முடிந்தால் பிப்ரவரி, மார்ச். பள்ளி காரணமாக முடியாவிட்டால் ஜூன் முதல் வாரம், அதுவும் செவ்வாய், புதன் மாதிரி வாரநாளில். நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் பால் காய்ச்சுவதை நல்ல நாளில் வைத்துக்கொண்டு, லாரியை ரோடு காலியாக இருக்கும் நாளில் வரவழையுங்கள். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும் என்று எந்த ஜோசியரும் சொன்னதில்லை.

இ-பாஸ் மறக்காதீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் போக வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. உங்கள் காருக்கு நீங்கள் எடுப்பீர்கள், லாரிக்கு யார் எடுப்பது என்பதையும் அந்த மெயிலிலேயே எழுதுங்கள். அங்கேயே குடியேறிய பிறகு ஆர்.சி.யில் முகவரி மாற்றினாலும் நம்பர் பழைய நம்பராகத்தான் இருக்கும், உள்ளூர் டி.என். 43 ஆகிவிடாது. அதனால் குடியிருப்புச் சான்றோடு அங்கே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் உள்ளூர்வாசிக்கான பாஸ் பற்றிக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எதை எடுத்துப் போவது? இதற்கும் அந்தப் படிகளே பதில் சொல்லும். ஒவ்வொரு சாமானையும் பார்த்து, இதை எண்பது படி சுமக்கக் கூலி கொடுப்பேனா என்று கேளுங்கள். ஏ.சி., ஏர் கூலர் இரண்டும் அங்கே வேலையில்லாதவை, இங்கேயே விற்றுவிடுங்கள். நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டால் ஏப்ரலில் நல்ல விலைக்குப் போகும். மரத்தூள் பலகையில் செய்த அலமாரிகள் மலை ஈரத்தில் ஊதிவிடும், அவற்றையும் விடுங்கள். நல்ல மரமும் இரும்பு பீரோவும் போகலாம். கீசர், கம்பளி, கெட்டி மெத்தை அங்கே தேவை. குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்பதால் திறந்த பாத்திரத்தில் சோறு வேக நேரமாகும். வடித்துச் சாப்பிட்டே பழகிய வீடுகளும் குக்கரைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், ஆகவே இங்கே இறுக்கி மூடிய ஊறுகாய் ஜாடி, ஷாம்பு பாட்டில் எல்லாம் உள்ளே உப்பிக் கசியும். விளிம்பு வரை நிரப்பாமல், தனிப் பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரி வளைவுகளில் சாய்ந்து ஆசிட் கொட்டாதபடி கயிறு கட்டி நிற்க வைக்க வேண்டும். நிரம்பிய கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. இங்குள்ள ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து டெபாசிட்டையும் வவுச்சரையும் வாங்கிக்கொண்டு அங்கே புது இணைப்பு எடுங்கள். வழிக்கென்று சின்னத் தண்ணீர் பாட்டில் பண்டல் வாங்காதீர்கள், நீலகிரியில் அதற்குத் தடை, சோதனைச் சாவடியில் பறிமுதல் ஆகும். பாத்திரம் சுற்ற பப்பிள் ராப்புக்குப் பதில் பழைய புடவை, வேட்டி, சணல் சாக்கு போதும். துவைத்தால் மறுபடி பயன்படும்.

பணம் கையில் இருக்க வேண்டிய தேதியையும் பாருங்கள். அங்கே அட்வான்ஸ் முதலில் கொடுக்க வேண்டும், இங்கே அட்வான்ஸ் பிறகுதான் திரும்பும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதாவது இருந்தால் பிடித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஆக ஒரு மாதம் இரண்டு அட்வான்ஸும் உங்களிடம் இருக்காது. அந்த மாதத்திலேயே லாரிக் காசு, பள்ளிக் கட்டணம் எல்லாம் வரும். கிரெடிட் கார்டை நம்பிக் கிளம்பாதீர்கள். மொத்தக் கணக்கில் நான்கில் ஒரு பங்கை ரொக்கமாகத் தனியே வைத்திருங்கள். மழையில் லாரி ஒரு நாள் நின்றாலும் சமாளிக்கலாம்.

பெரியவர்களை லாரியோடு சேர்ந்தே அழைத்துப் போக வேண்டாம். முந்தின இரவு கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கவைத்து, சாமான் இறங்கிக் கட்டில் போட்ட பிறகு மேலே கூட்டிப் போங்கள். அவர்களின் மாத்திரை, ஸ்வெட்டர், ஒரு பெட்ஷீட், ஃபிளாஸ்க் இவை காரில் இருக்கட்டும்.

நம் வளாகத்து நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். காலி செய்வதற்கு ஒரு வாரம் முன்பு மெயின்டனன்ஸ் பாக்கியை முடித்து அலுவலகத்தில் நோ டியூஸ் வாங்குங்கள், அது இல்லாமல் செக்யூரிட்டி லாரியை வெளியே விடமாட்டார். லிஃப்ட் காலை 10 முதல் மாலை 4 வரைதான், உள்ளே கட்டும் தார்ப்பாயை பிளம்பர் அறையில் கேட்டு வாங்குங்கள். படி, தூரம், வண்டி, தேதி எல்லாம் குறிக்க ஒரு தாள் தயார் செய்து அலுவலக மேஜையில் வைத்திருக்கிறேன். போகிற மூன்று குடும்பங்களும் ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். நிரப்பியதும் கொண்டுவந்தால், சனிக்கிழமை மாலை உட்கார்ந்து கொட்டேஷனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.