அடகுச் சீட்டும் சுற்றுலாப் படிவமும்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டு இறுதிக் கூட்டத்தில், 'இந்த ஆண்டு எனக்கு உதவிய பழக்கங்கள்' என்ற தலைப்பில் நம் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். சில இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)



செயலாளர் சார் போன மாதம் போன் பண்ணி, "தொழிலும் பண்றீங்க, ரெண்டு பிள்ளைங்களையும் வளர்க்கிறீங்க, வருஷக் கடைசியில உருப்படியா நாலு பழக்கம் சொல்லுங்கம்மா" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் தோன்றியது, காப்பித் தொழிலில் இருப்பவர்களுக்கு டிசம்பரில் ஏது வருஷக் கடைசி? நவம்பரில் தொடங்கின பழம் பறிப்பு ஜனவரி வரைக்கும் ஓடும். அது முடிந்தால் மிளகு. மார்ச், ஏப்ரலில் பூ மழைக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். ஆடிட்டருக்கு மார்ச் 31ல் வருஷம் முடிகிறது. நம் மலைக்காரர்களுக்கு மே மாதம் சேர்வராயன் திருவிழா வந்தால்தான் ஒரு வருஷம் போயிற்று என்று இருக்கும். அதனால் 2024 டிசம்பரிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன். அதில் பழக்கம் என்று ஏதாவது இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

என் தொழில் இங்கே பலருக்குத் தெரியும். சிறு தோட்டக்காரர்களிடம் பார்ச்மெண்ட் வாங்கி, மேல்தோல் எடுத்து, 5 கிலோ டிரம்மில் வறுத்து, அரைத்து விற்கிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காப்பி வந்தது என்று கடைக்கு வருகிற டூரிஸ்டுகளிடம் தினமும் சொல்வேன். அவர்களிடம் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் வேண்டும். அதை வறுத்தால் எடையில் 15 சதவீதமாவது போய்விடும். பறிக்கிறவர்களுக்கு வாரக் கூலியைத் தள்ளிப்போட முடியாது. தோட்டக்காரருக்கு உடனே பணம் வேண்டும். பொடி வாங்குகிற பெரிய கம்பெனிக்காரர் மட்டும் "பில் அனுப்புங்க, பார்க்கலாம்" என்பார். நடுவில் நான் நிற்கிறேன்.

போன வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு வெளியூர்க் கம்பெனியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. புத்தாண்டு, பொங்கலுக்குப் பரிசுப் பெட்டியில் வைக்க 240 கிலோ பொடி. எனக்கு அது நாலு மாத வியாபாரம். போனிலேயே விலை சொன்னேன், போனிலேயே சம்மதம் வாங்கினேன். எழுத்தில் ஒன்றும் இல்லை. பணம் எப்போது தருவீர்கள் என்று கேட்கக் கூச்சப்பட்டேன். பெரிய இடம், கேட்டால் நம்மைச் சின்னவர்கள் என்று நினைத்துவிடுவார்களோ என்கிற கூச்சம். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. நாம் சின்னவர்கள்தானே!

அந்த மாதம் உலகத்தில் என்ன நடந்தது என்று உங்களில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். பிரேசிலில் வறட்சி, விளைச்சல் குறையும் என்ற பயம். நியூயார்க் சந்தையில் அராபிகா விலை 1977ல் தொட்ட உச்சத்தை அந்த டிசம்பரில் தாண்டியது. 2025 பிப்ரவரியில் ஒரு பவுண்டு 4 டாலருக்கு மேலே போனது. தோட்டக்காரர்களுக்கு நல்ல காலம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சொன்னது பழைய விலை, வாங்கினது புது விலை. சொன்ன வார்த்தைக்காகச் சரக்கை அனுப்பிவிட்டேன். பணம் ஜனவரியில் வரவில்லை, பிப்ரவரியிலும் வரவில்லை. தோட்டக்காரர்களுக்குத் தர வேண்டியதற்காக என் நாலு வளையலையும் பாங்கில் வைத்தேன். வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று அடகுச் சீட்டை ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன்.

இனிமேல் சொல்வதுதான் நான் சொல்ல வந்தது.

மார்ச் மாதம் பெரியவளுடைய வகுப்பு டீச்சரைக் கடைவீதியில் பார்த்தேன். "ஏன் பாப்பாவை டூருக்கு அனுப்பல? அவ மட்டும்தான் வரல" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எந்த டூர்? வீட்டுக்கு வந்து கேட்டால், "பிடிக்கல, அதான் சொல்லல" என்றாள். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கின பிறகு பையைப் பார்த்தேன். கணக்குப் புத்தகத்துக்குள் மடித்த படிவம் இருந்தது. கட்டணம் 4,500 ரூபாய், பெற்றோர் கையொப்பம் போட இடம். ஜனவரி தேதி. மறுநாள் காலையில் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "ரேஷன் கார்டு எடுக்கச் சொன்னல்லம்மா, அப்பப் பார்த்தேன்" என்றாள்.

இரண்டு மாதம் ஒரு 14 வயதுப் பிள்ளை இதை மனதில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். நாங்கள் வீட்டையே விற்கப் போகிறோம் என்று நினைத்திருக்கிறாள். தம்பியிடம் பென்சில் டப்பா கேட்காதே என்று சொல்லியிருக்கிறாள். நான் மறைத்தது அவள் பயப்படக் கூடாது என்று. மறைத்ததால்தான் இருந்ததைவிடப் பத்து மடங்கு பயந்திருக்கிறாள். கடன் 1,10,000 ரூபாய். அது அவளுக்குத் தெரிந்திருந்தால், அதே நேரம் வர வேண்டிய பணம் இவ்வளவு என்றும் தெரிந்திருந்தால், அவளே கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பாள். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டி.

ஏப்ரல் முதல் ஞாயிறு சாயங்காலம் தொடங்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் நாலு பேரும் உட்காருவோம். ஒரு நோட்டு. இந்த வாரம் என்ன விற்றது, யார் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும், வீட்டுச் செலவுக்கு எவ்வளவு. அரை மணி நேரம்தான். எழுதுவது பெரியவள். நாலாவது படிக்கிற சின்னவனுக்கு முதல் இரண்டு வாரத்தில் சலித்துவிட்டது. இப்போது பாக்கெட் எண்ணிக்கை மட்டும் சொல்லிவிட்டு ஓடிவிடுவான். பிள்ளைகளிடம் கடனைப் பற்றிப் பேசலாமா என்று என் மாமியாருக்குக் கோபம். அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. அதனால் ஒரு வரம்பு வைத்தோம்: கணக்கு சொல்வோம், புலம்ப மாட்டோம். யாரைப் பற்றியும் திட்டிப் பேச அந்த மேசையில் இடம் இல்லை. திட்டுவதெல்லாம் நானும் அவரும் பிள்ளைகள் தூங்கின பிறகு.

அந்த நோட்டினால் இன்னொரு மாற்றமும் வந்தது. "அம்மா, உன் சம்பளம் எங்கே எழுதணும்?" என்று கேட்டாள். எனக்குச் சம்பளமே இல்லை. கல்லாவில் இருந்து எடுப்பேன், காய்கறி வாங்குவேன், மறுபடி கல்லாவில் போடுவேன். அன்றைக்குப் பிறகு கடைக்குத் தனிக் கணக்கு, வீட்டுக்குத் தனிக் கணக்கு. மாதம் 5ஆம் தேதி எனக்குச் சம்பளம், குறைந்த தொகைதான். இந்த மேடையில் சொன்னால் ரொம்பச் சாதாரணம். ஆறு வருஷம் அதைச் செய்யாமல் இருந்தேன்.

அடுத்து, இங்கே ஹோம்ஸ்டே, ஜாம், தைலம் என்று தொழில் செய்கிறவர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்காகச் சொல்கிறேன். சிறு, குறு தொழில்களுக்கு 2006ல் வந்த சட்டம் இருக்கிறது. நம்மிடம் சரக்கு வாங்குகிறவர் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. இப்போது வருமான வரிச் சட்டத்திலும் ஒரு பிடி வந்திருக்கிறது: காலம் தாண்டிப் பணம் கொடுக்காமல் வைத்திருந்தால் கொடுக்கிற வரைக்கும் அந்தச் செலவை அவர்கள் கணக்கில் கழிக்க முடியாது. இதற்கெல்லாம் உத்யம் பதிவு வேண்டும். ஆன்லைனில் ஆதார், பான் வைத்துச் செய்யலாம், கட்டணம் கிடையாது. யாராவது 2,000 ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள். வாங்கி அப்படியே விற்கிற வியாபாரிக்கு இந்தத் தாமதப் பணப் பாதுகாப்பு கிடையாது, தயாரிக்கிறவருக்குத்தான். சரக்கு அனுப்புகிறதற்கு முன்னாலேயே பதிவு இருப்பது நல்லது. நான் அனுப்பின பிறகு போய்ப் பதிவு செய்தேன். அதனால் அந்தப் பழைய பில்லுக்கு வட்டி கேட்டுச் சண்டை போடத் தைரியம் வரவில்லை. கடிதம் மேல் கடிதம் எழுதி, ஜூனில் இரண்டு தவணையாக அசல் மட்டும் வந்தது. வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது.

மற்றப் பழக்கங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி ஏழரைக்கு மேல் இரண்டு போனும் மாமனாருடைய பழைய ரேடியோப் பெட்டிக்கு மேலே இருக்கும். பாதி நாள் கடைப்பிடித்தேன், பாதி நாள் இல்லை. காலை நாலரைக்கு எழுந்திருப்பது என்று ஒன்று வைத்தேன், ஒன்பது நாளோடு போயிற்று. அதைப் பற்றி வருத்தமும் இல்லை.

நின்றது ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு காலையில் சேர்வராயன் கோயில் வரைக்கும் போய் வருவது. மழைக் காலத்தில் விட்டுப்போயிற்று, அக்டோபரில் மறுபடி பிடித்தோம். 5,326 அடி. மேலே அந்தச் சமவெளியில் காற்று அடிக்கிற அடியில் யாரும் கத்திப் பேச முடியாது. குகைக்குள் போக வேண்டுமென்றால் பெரிய ஆளும் குனிய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். குகைக்குள்ளிருந்து காவிரிக்கு வழி இருக்கிறது என்று பெரியவர்கள் சொன்னதை நான் சொன்னேன். "அப்படின்னா மேட்டூருக்குப் பஸ் வேண்டாமே" என்றான் சின்னவன். நடக்கும்போதுதான் பெரியவள் பேசுகிறாள். வீட்டில் எதிரே உட்கார வைத்துக் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். பக்கத்தில் நடந்தால், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, தானாக வரும். டூரைப் பற்றி முழுசாகச் சொன்னதும் அந்தப் பாதையில்தான். பஸ் கிளம்பும்போது வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தாளாம்.

சென்னை பேட்ரிசியா நாராயணைப் பற்றிச் சிலர் படித்திருப்பீர்கள். இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு 1982ல் மெரினாவில் ஒரு வண்டிக் கடை போட்டவர். முதல் நாள் விற்றது ஒரே ஒரு காப்பி, 50 பைசா. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவரை, ஒன்றாவது விற்றதே, நாளைக்கு இன்னும் நன்றாகப் போகும் என்று தேற்றியவர் அவருடைய அம்மா. 2010ல் ஃபிக்கி அமைப்பின் பெண் தொழில்முனைவோர் விருது வாங்கினார். நான் இதைப் படித்தபோது விருதைவிட அந்த அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டேன். மகள் அழுதுகொண்டு வந்து சொன்னதால்தான் அம்மாவால் தேற்ற முடிந்தது. என் வீட்டில் நானும் சொல்லவில்லை, என் மகளும் சொல்லவில்லை.

இந்த நவம்பரிலும் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வேறு கம்பெனி, 300 கிலோ. பாதி முன்பணம், மீதி 30 நாளில், எழுத்தில் வேண்டும் என்றேன். முன்பணம் வழக்கமில்லை என்றார்கள். அந்த ஞாயிறு நோட்டு முன்னால் பேசினோம். அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் ஆசைதான். பெரியவளுக்கு டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு. வறுப்பது, அரைப்பது எல்லாம் வீட்டுக்குப் பின்னால்தான், ராத்திரி பகல் மெஷின் ஓடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சரியா தப்பா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அந்தப் பணம் வந்திருந்தால் 15 கிலோ டிரம் வாங்கியிருப்பேன். டிசம்பர் விற்பனை போன வருஷத்தில் பாதிகூட இல்லை. ஆனால் இந்த டிசம்பர் கூலிப் பாக்கி இல்லாமல், தோட்டக்காரர் யாருக்கும் போன் எடுக்கப் பயப்படாமல் போகிறது. பள்ளியில் இந்த வருஷ டூர் படிவம் வந்தபோது பையிலிருந்து எடுத்து நேராக நோட்டுக்குள் வைத்தாள். வர வேண்டியது, தர வேண்டியது பக்கத்தில், 'டூர் 4,800' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. விலையை ஏற்றிவிட்டார்கள்.

பத்து நிமிஷம் தாண்டிவிட்டேன், செயலாளர் சார் கடிகாரம் பார்க்கிறார். வெளியே பிளாஸ்கில் இருப்பது எங்கள் காப்பி. 80க்கு 20, பாக்கெட்டில் சிக்கரி எவ்வளவு என்று எழுதியிருக்கும், எழுதியே ஆக வேண்டும். இன்றைக்குக் கலந்தது பெரியவள். சிக்கரி தூக்கலாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் அவளிடமே சொல்லுங்கள், கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். வணக்கம்.